சிறை ஊழியம்: தோட்டப்புற ஊர்ச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும், ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது 'உள்ளே' ஒரு மகனோ தம்பியோ மருமகனோ இருப்பார். ஜெப விண்ணப்ப நேரத்தில் அது வாய்விட்டு வராது. "குடும்பத்துக்காக ஜெபம் பண்ணிக்குங்க பாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்துவிடுவார். எல்பில், டவன்பி, ஹேவூட் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலையில்லாமல் திரிந்த பையன்களை அங்கே யார் தேடி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மலேசியச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காக இருப்பவர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

சிறை ஊழியம் செய்ய விரும்பும் ஒரு சின்னச் சபை எங்கே தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பேராக் மாநிலத்தை மனத்தில் வைத்து எழுதியது இது. கெடாவிலும் ஜொகூரிலும் இருப்பவர்கள், தைப்பிங் சிறை என்று வரும் இடத்தில் சுங்கைப் பட்டாணி என்றோ குளுவாங் என்றோ மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

படிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில், சிறையில் இருக்கும் யோசேப்பு, விடுதலையாகப் போகும் பானபாத்திரக்காரர் தலைவனிடம், நீ வெளியே போனதும் என்னை நினைத்துக்கொள் என்று கேட்கிறார். அவன் போனான், மறந்துவிட்டான். இரண்டு வருஷம் ஓடிப்போனது. உள்ளே இருக்கும் நம் பையன்களுக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும். "அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிப் போன மாமா, காசு போடுகிறேன் என்ற கூட்டாளி, மேல்முறையீடு செய்துவிட்டேன் என்ற ஆள், கிறிஸ்துமசுக்கு வந்து பாட்டுப் பாடிவிட்டு அடுத்த கிறிஸ்துமஸ் வரை தலைகாட்டாத சபை. அந்த வரிசையில் நாமும் போய்ச் சேராமல் இருப்பதுதான் இந்த ஊழியத்தில் பாதி வேலை. ஆகவே ஒவ்வொரு படியிலும், 'இதைச் சொன்னபடி செய்ய நம்மால் முடியுமா' என்று குழுவாக உட்கார்ந்து கேளுங்கள். முடியாது என்றால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் படி: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

சிறைக்குள் போக அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கைதியின் வீட்டுக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால் முதல் ஆறு மாதத்துக்குச் சிறையை மறந்துவிட்டு, உங்கள் சபையிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள இரண்டு அல்லது மூன்று குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து குடும்பம் வேண்டாம், தாங்காது.

போகும்போது ஒரு பெண்ணாவது கூட இருக்கட்டும். பெரும்பாலும் வீட்டில் மனைவியோ தாயோ தனியாகத்தான் இருப்பார்கள். இரண்டு ஆண்கள் மட்டும் போய் நின்றால் அக்கம்பக்கத்தில் வேறு பேச்சு கிளம்பும். சபைப் பெயர் எழுதிய வேனில் போகாதீர்கள். சத்தமாக ஜெபிக்காதீர்கள், அடுக்குமாடியில் சுவர் மெல்லியது. "என்ன கேஸ்?" என்று கேட்கவே வேண்டாம். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வாடகை எத்தனை மாதம் பாக்கி? கரண்ட் பில் யார் பெயரில் இருக்கிறது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, பள்ளி வேனுக்குக் காசு இருக்கிறதா? சமூக நலத்துறையின் உதவித் தொகைக்கு மனு செய்தார்களா? சம்பாதிக்கிற ஆள் சிறையில் இருக்கும் குடும்பமும் அந்த உதவிக்கு மனு செய்யலாம். ஆனால் படிவம் மலாயில் இருக்கும், அலுவலகத்தில் என்ன கேட்பார்களோ என்ற கூச்சமும் இருக்கும். அந்த அம்மாவோடு கூடப் போய் வரிசையில் நின்று, படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். நாலு பிரசங்கத்தைவிட அந்த ஒரு காலைப் பொழுது பெரியது என்று நான் நம்புகிறேன்.

பிள்ளைகள் விஷயம் தனி. நம் ஊரில் பல வீடுகளில் "அப்பா சிங்கப்பூர்ல வேலை செய்றாரு" என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பார்கள். அதை உடைப்பது நம் வேலையே இல்லை. ஆனால் தாயோடு தனியாக உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம். பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகும்போது பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை வாயிலிருந்து உண்மை வரும். அப்படி வருவதைவிட அம்மா வாயிலிருந்து வருவது நல்லது. "அப்பா ஒரு தப்பு செஞ்சிட்டாரு, அதுக்காக ஓர் இடத்துல இருக்காரு, உன்னைப் பத்தி நினைச்சுக்கிட்டுதான் இருக்காரு." சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவையுங்கள். தந்தையர் தினத்தன்று எல்லாப் பிள்ளைகளையும் மேடையேற்றி அப்பாவுக்கு அட்டை கொடுக்க வைக்கும்போது, இந்தப் பிள்ளை எங்கே நிற்கும் என்று யோசித்துத் திட்டம் போட வேண்டும். கைதிகளின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்கும் ஏஞ்சல் ட்ரீ திட்டம் 1982-ல் அமெரிக்காவில், தானே சிறையில் இருந்து வந்த ஒரு பெண்மணி தொடங்கியது. அதன் அழகு எங்கே என்றால், பரிசு சபையின் பெயரில் போகாது, உள்ளே இருக்கும் அப்பா அல்லது அம்மாவின் பெயரில் போகும். இதை நம் சபையிலும் செய்யலாம். பரிசோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று பயணம். வயதான அம்மாவுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் போய் வருவதே பெரிய காரியம். இடிஎஸ் மின்சார ரயில் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் நிற்கிறது. தைப்பிங் சிறைச்சாலை ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்தில், ஊருக்குள்ளேயே இருக்கிறது. பத்து காஜாவுக்கும் தாப்பாவுக்கும் கார் இல்லாமல் முடியாது. மாதம் ஒரு நாள் காரோடு ஒரு ஆளை ஒதுக்கிக் கொடுப்பது சபையால் முடிந்த காரியம். பார்வை நாள், நேரம், முன்பதிவு எல்லாவற்றையும் முதல் நாளே சிறைக்கு போன் செய்து உறுதிப்படுத்துங்கள். ஐசி (அடையாள அட்டை) கட்டாயம். அரைக்கால்சட்டை, கையில்லாத சட்டை, செருப்பு இவற்றோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு தூரம் வந்த பாட்டி மகனைப் பார்க்காமல் திரும்பும்படி ஆகிவிடக்கூடாது.

இரண்டாம் படி: சட்டத்தில் இந்த நாலைந்து விஷயம் தெரிந்திருக்கட்டும்

நாம் வழக்கறிஞர்கள் இல்லை, அந்த வேலையை எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் நள்ளிரவில் "பாஸ்டர், பையனைப் பிடிச்சிட்டாங்க" என்று போன் வரும்போது என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் விதி. தான் விரும்பும் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்கும் உரிமையும் அதே விதியில் இருக்கிறது. அதற்கு மேல் போலீஸ் லோக்காப்பில் வைத்திருக்க ரிமாண்ட் (விசாரணைக் காவல்) உத்தரவு வேண்டும். பெரிய குற்றங்களுக்கு மொத்தம் 14 நாள், சிறியவற்றுக்கு 7 நாள். ஒரு ரிமாண்ட் முடிந்ததும் வேறு பாலாய் (போலீஸ் நிலையம்) வேறு வழக்குக்காக மறுபடியும் எடுப்பது உண்டு என்பதால், குடும்பம் நாளை எண்ணிக்கொண்டு காத்திருக்கும்போது இதையும் சொல்லிவையுங்கள். பாதுகாப்புக் குற்றங்களுக்காக 2012-ல் வந்த சொஸ்மா சட்டத்தில் பிடித்தால் 28 நாள் வரை காவலில் வைக்கலாம், ஜாமினும் பெரும்பாலும் கிடைக்காது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத மலேசியருக்கு, கைதான நேரத்திலும் ரிமாண்ட் விசாரணையிலும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞரைக் கொடுக்கிறது. அதை எல்லோரும் ஒய்பிஜிகே என்பார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது. எண்களைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காதவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். இந்த 14 நாள்தான் பல வீடுகளில் அழுகையிலேயே ஓடிப்போகிறது. தண்டனை விழுந்த அன்றே குடும்பத்தோடு உட்கார்ந்து, "மேல்முறையீடு செய்யப் போறீங்களா, லாயர் என்ன சொன்னாரு?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அதைவிட அவசரமான ஆறுதல் இல்லை.

"எனக்கு ஆள் தெரியும், ஐயாயிரம் வெள்ளி கொடுத்தா முடிச்சுத் தரேன்" என்று வருகிறவர்கள் இருப்பார்கள். நகையை அடகு வைக்கும் முன் அம்மா உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் அளவுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை முதல் படியில் சம்பாதித்தது.

தண்டனைக் காலத்தைக் கணக்குப் போடவும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தண்டனையில், நன்னடத்தை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 9 வருஷம் விழுந்தால் 6 வருஷம். உள்ளே ஒழுங்கு மீறினால் அந்தக் கழிவில் வெட்டு விழும். தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடும் பரோல் முறை 2008-ல் வந்தது. ஓராண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள், பாதியைக் கழித்த பிறகு தகுதி பெறலாம். சில குற்றங்களுக்கு மட்டும் அது கிடையாது. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4-ஆம் தேதியோடு நீங்கியது. அதற்குப் பிறகு நீதிபதி மரண தண்டனையோ 30 முதல் 40 ஆண்டு சிறையோ விதிக்கலாம். முன்பு தண்டனை பெற்றவர்களுக்கும் கூட்டரசு நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்க வழி திறந்தது. தூக்குக்குக் காத்திருந்த மகன் 30 வருஷக் கைதியாக மாறியபோது, சில தாய்மார் சிரிப்பதா அழுவதா தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கு இப்போது தேவை பல வருஷம் கூட நடக்கிற ஒரு சபை.

மூன்றாம் படி: குழு

நாலு பேர் போதும். ஆண் சிறைக்கு ஆண்கள், பெண் சிறைக்குப் பெண்கள். பெண் கைதிகளைக் காஜாங் போன்ற தூரத்து ஊரில் வைப்பதால், அங்கே போக வேண்டுமானால் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சபையோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

அழகாகப் பேசுகிறவர்களைத் தேடாதீர்கள். நேரத்துக்கு வருகிறவர், ரகசியம் காப்பவர், காசு விஷயத்தில் சுத்தமானவர், 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர். இந்த நாலு குணம் இருந்தால் பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்தில் முன்பு மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) கிராணியாகவோ (எழுத்தர்) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இதற்கு மிகவும் பொருத்தமாக அமைவார்கள். பையன்களைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடத் தெரியும், மிரளவும் மாட்டார்கள்.

நான்காம் படி: அனுமதி

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சபை தனியாக மனு போடுவதைவிட, ஏற்கெனவே உள்ளே போய்வரும் குழுவோடு சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். 1979-ல் தொடங்கிய மலேசியன் கேர் என்ற கிறிஸ்தவ அமைப்புக்குச் சிறைப் பணியில் நீண்ட அனுபவம் உண்டு. பிரிசன் ஃபெல்லோஷிப் மலேசியாவும் இருக்கிறது. மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளில் உங்கள் மாவட்டத் தலைமையைக் கேட்டால் யார் எந்தச் சிறைக்குப் போகிறார்கள் என்று சொல்வார்கள்.

தனியாகத்தான் போடுவது என்றால், சிறை இயக்குநருக்கு மலாயில், சபைக் கடிதத்தாளில் எழுதுங்கள். குழுவினர் ஒவ்வொருவரின் முழுப்பெயர், ஐசி எண், முகவரி, தொழில், சபையின் பதிவு விவரம், நிகழ்ச்சியில் என்னென்ன நடக்கும், என்னென்ன புத்தகம் கொண்டுவருவீர்கள் என்று எல்லாம் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை நடக்கும். பதில் வராவிட்டால் பணிவாக நினைவூட்டுங்கள். எம்.பி., ஒய்.பி. போன்ற அரசியல்வாதிகள் மூலம் அழுத்தம் கொடுக்காதீர்கள். அனுமதி வரும், ஆனால் அதிகாரிகளின் மனம் மூடிக்கொள்ளும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது, அதில் விளையாட்டே கூடாது. அரசியலமைப்பின் 11(4)-ஆம் விதி, முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைத் தடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு முஸ்லிம் அல்லாத கைதிகள்தான் வர வேண்டும். ஒருவர் தமிழ் பேசுகிறார், பெயரும் முகமும் நமக்குப் பழக்கமானது என்பதற்காக நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கல்யாணத்துக்காக மதம் மாறியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! சிறை அதிகாரிகள் கொடுக்கும் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும். மலாய் வேதாகமம் தேவைப்பட்டால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதித்த எண்ணிக்கையை மட்டும் கொண்டுபோங்கள். இளங்குற்றவாளிகளுக்கான ஹென்றி கர்னி பள்ளி போன்ற இடங்களில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். அது 12(4)-ஆம் விதி.

ஐந்தாம் படி: உள்ளே

தைப்பிங் சிறை 1879-ல் கட்டப்பட்டது, நாட்டின் பழைய சிறைகளில் ஒன்று. அந்தச் சுவரைத் தாண்டி முதல் தடவை போகும்போது எவருக்கும் நெஞ்சு கொஞ்சம் இறுகும். போன், பர்ஸ், கார் சாவி எல்லாம் வெளியே. வார்டர்களிடம் மரியாதையாக 'துவான்' (ஐயா), 'புவான்' (அம்மா) என்று பேசுங்கள். அவர்களும் நாள் முழுக்க அதே சுவருக்குள் இருப்பவர்கள்தான்.

ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பாட்டு, ஒரு வேதபகுதி, பேச்சு, ஜெபம். பிரசங்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதி நேரத்தைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிறவர் தன்னைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசி, அதை ஒருவர் குறுக்கிடாமல் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும்! பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது, மலாய்ப் பள்ளியில் படித்தவர்களோ பள்ளியை விட்டு நின்றவர்களோ. ஆகவே "நீ வாசிப்பா" என்று எவரையும் எழுப்பிவிடாதீர்கள். நீங்கள் நிதானமாக இரண்டு தடவை வாசியுங்கள்.

எந்தப் பகுதியை எடுப்பது? எல்லாக் குழுவும் சிலுவையில் தொங்கிய கள்ளனைத்தான் கொண்டுபோகிறது, பையன்களுக்கு அது மனப்பாடம். யோசேப்பை எடுங்கள். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுங்கள். எஜமானிடமிருந்து ஓடிப்போன ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி, தானே காவலில் இருக்கும் பவுல் கெஞ்சி எழுதுகிறார், அவன் பட்ட கடனையும் தன் கணக்கில் வைக்கச் சொல்கிறார். வெளியே போன பிறகு நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று தூங்காமல் கிடக்கிறவனுக்கு அந்த ஒரே அதிகாரம் போதும். இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசியில் பவுல் குளிருக்குப் போர்த்திக்கொள்ள மேலங்கியும் புத்தகங்களும் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறார். அப்போஸ்தலனுக்கும் சிறையில் குளிர் அடித்திருக்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் அவர்களாகவே பேசுவார்கள்.

செய்யக்கூடாதவை சில. வழக்கு விவரம் கேட்காதீர்கள். யாருடைய செய்தியையும் வெளியே கொண்டுபோகாதீர்கள், வெளியிலிருந்து உள்ளேயும் கொண்டுவராதீர்கள். "அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லுங்க அண்ணே" என்பதுகூட அதிகாரிக்குத் தெரிந்துதான் போக வேண்டும், ஏனென்றால் அடுத்த செய்தி அப்படி இருக்காது. உள்துறை அமைச்சு 2013-ல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் நம் பையன்கள் பச்சை குத்திக்கொள்ளும் கும்பல் எண்களும் உண்டு. உங்கள் அறையில் இரண்டு எதிர் எண்கள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கலாம். எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள், பச்சையைப் பார்த்து விசாரிக்காதீர்கள், ஒருவரைத் தூக்கி வைத்துப் பேசாதீர்கள்.

இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். இதில் என் கருத்து உறுதியானது. உதவியையும் மதமாற்றத்தையும் ஒரே கையில் பிடிக்கக்கூடாது. இயேசுவைப் பற்றிச் சொல்லத்தான் போகிறோம், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் பையன் கையில் அவன் அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வேண்டிக் கட்டிய கயிறு இருக்கலாம். அதை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். அவனுக்கு வெளியே இருக்கும் ஒரே பிடிப்பு அந்த அம்மா. ஞானஸ்நானம் கேட்டால், அவசரப்படாமல் விடுதலைக்குப் பிறகு குடும்பத்துக்குத் தெரிய எடுக்கலாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருந்தபோது கேட்ட பலரும் வெளியே வந்தபின் கேட்பதில்லை. கேட்பவர்கள் நிலைக்கிறார்கள். ஞானஸ்நானம் கேட்காதவனின் அம்மாவுக்கும் அதே கார், அதே மளிகைப் பொட்டலம் போக வேண்டும்.

கிளம்பும்போது அடுத்த வருகையின் தேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன தேதியில் மழையோ திருமணமோ, இரண்டு பேராவது போய் நிற்க வேண்டும். சிறைத் தரப்பில் ரத்தானால் அது வேறு. நம் தரப்பில் ரத்தாகக்கூடாது.

ஆறாம் படி: கடிதம்

எல்லாக் கடிதத்தையும் அதிகாரிகள் படிப்பார்கள் என்று நினைத்தே எழுதுங்கள். தமிழில் எழுதினால் படித்துப் பார்க்க ஆள் தேடித் தாமதமாகலாம், எளிய மலாயில் எழுதுவது சீக்கிரம் போய்ச் சேரும். வீட்டு முகவரியைக் கொடுக்காமல் சபையின் முகவரியைக் கொடுங்கள். ஊர்ச் சேதியை எழுதுங்கள். டூரியான் சீசன், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, எந்தக் கடை மூடியது என்று. அறிவுரை ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

ஏழாம் படி: வெளியே வரும் நாள்

இதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே தயாராக வேண்டும். பெரும்பாலான சபைகள் தோற்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். உள்ளே போய்ப் பாட நாலு பேர் கிடைப்பார்கள். வெளியே வந்தவனுக்கு வாடகைக்கு அறை கொடுக்க ஒருவர் கிடைக்கமாட்டார்.

எங்கே தங்குவான் என்பதுதான் முதல் கேள்வி. பழைய தாமானுக்கே போனால் பழைய கூட்டாளி அன்று மாலையே வாசலில் பைக்கோடு நிற்பான். வேறு ஊரில் அண்ணன், அக்கா, சித்தப்பா யாராவது இருக்கிறார்களா என்று குடும்பத்தோடு சேர்ந்து பாருங்கள். பரோலில் வருகிறவர் என்றால் தங்கும் இடத்தை அதிகாரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், வேலையும் இருக்க வேண்டும், குறித்த நாளில் ஆஜராக வேண்டும். அந்த நிபந்தனைத் தாளை வாங்கி முழுவதும் படியுங்கள். மாவட்ட எல்லையைத் தாண்டிச் சபை முகாமுக்கு அவரைக் கூட்டிப்போய் நாமே அவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடாது.

விடுதலை நாளன்று காலையிலேயே வாசலில் கார் நிற்கட்டும். முடிந்தால் அம்மாவும் கூட வரட்டும். அவர் அளவுக்கு ஒரு சட்டை, கால்சட்டை, செருப்பு. வழியில் நல்ல சாப்பாடு. நேராகச் சபைக்குக் கூட்டிப்போய் மேடையில் நிறுத்தாதீர்கள். சாட்சி சொல்ல வைப்பதை ஒரு வருஷமாவது தள்ளிப்போடுங்கள். கைதட்டல் பழகிவிட்டால், அடுத்து விழும்போது வந்து சொல்ல வெட்கம் தடுத்துவிடும்.

முதல் வாரத்தில் ஐசி. தொலைந்திருந்தால் பதிவிலாகாவில் புதியது எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவை தொலைக்கும்போதும் கட்டணம் ஏறும். ஐசி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வேலையும் இல்லை. அடுத்தது உடல்நிலை. ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் மெத்தடோன் சிகிச்சை உண்டு, 2005-லிருந்து நடக்கிறது. "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு" என்று சொல்லி அதை நிறுத்த வைப்பவர்கள் சில ஜெபக் குழுக்களில் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். நீண்ட நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவில் மறுபடி எடுக்கும்போதுதான் உயிர் போகிறது. விடுதலைக்குப் பிந்திய முதல் வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. இருமல் தொடர்ந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கும் கூட்டிப்போங்கள்.

வேலை: உள்ளே மலேசியத் திறன் சான்றிதழ் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வெல்டிங், தையல், ரொட்டி சுடுவது, ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். காவலாளி வேலைக்குப் பின்னணிச் சோதனை இருப்பதால் அதில் காலத்தை வீணாக்க வேண்டாம். பட்டறை, பெயின்ட் வேலை, அலுமினியக் கடை, செம்பனைக் குலை வெட்டும் குத்தகை இவற்றில் நம் சபையாரே சிலர் முதலாளிகளாக இருப்பார்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். மறைத்துச் சேர்த்துவிட்டு மூன்றாம் மாதம் தெரியவந்தால் இவர் வேலையும் போகும், அடுத்து வருகிறவருக்கும் கதவு அடைபடும். கையில் காசாகக் கடன் கொடுக்காதீர்கள். வாடகையை வீட்டுக்காரரிடமும், பைக் ரிப்பேர் காசைப் பட்டறையிலும் நேராகக் கட்டுங்கள்.

எட்டாம் படி: சபையையும் காத்துக்கொள்ளுங்கள்

பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்றால் விதி தனி. 2017-ல் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. அவருக்கும் ஆராதனையில் இடம் உண்டு. ஆனால் ஞாயிறு பள்ளி, இளையோர் முகாம், பிள்ளைகளை ஏற்றும் வேன் எதிலும் அவருக்கு இடமில்லை. இரண்டு மூப்பர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை முதல் நாளே அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மனந்திரும்பியவர் இதை ஒப்புக்கொள்வார்.

பணம் எப்போதும் இருவர் கையொப்பத்தோடு சபைக் கணக்கில். குழுவில் ஒருவர் களைத்துப்போனால் ஆறு மாதம் ஓய்வு கொடுத்து, அவர் இடத்தில் புதியவரை வையுங்கள்.

வந்தவர் மறுபடியும் உள்ளே போவது நடக்கும். அன்றைக்குச் சபையில் சிலர் "அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். குழுத் தலைவர் அந்த வாரமே அவர் அம்மாவைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் ஒய்பிஜிகே-க்கு ஒரு போன், 14 நாள் கணக்கு, பார்வை நாள் விசாரிப்பு. எல்லாம் ஏற்கெனவே தெரிந்த வேலைதான், இரண்டாம் தடவை சீக்கிரம் நடக்கும்.

இரண்டு மூன்று வருஷம் நிலைத்து நின்றவர்களைக் குழுவில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். உள்ளே போக அவர்களுக்கு அனுமதி கிடைப்பது கடினம், அதற்காக மனு போட்டு மற்றவர்களின் அனுமதியைத் தாமதப்படுத்த வேண்டாம். வெளியில் அவர்களை விட்டால் ஆளில்லை. விடுதலை நாள் காலையில் கார் ஓட்டிப்போகவும், முதல் வாரம் முழுக்கக் கூடவே இருந்து ஐசி அலுவலகத்துக்கும் கிளினிக்குக்கும் அலையவும், ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய கூட்டாளி போன் செய்தால் அதை எடுத்துப் பேசவும் அவர்களைப் போடுங்கள்.